அஞ்சலையின் குறியும் என் தத்துவ வகுப்பும்

இன்று காலை எழுந்ததும் முதலில் மாடியறையின் கிழக்கு ஜன்னலைத் திறந்தேன். இந்த வீட்டில் அது திறப்பதற்காக வைத்த ஜன்னல் இல்லை. கடற்காற்று அடிக்கும் மாதங்களில் நொச்சிக்குப்பத்து வலைகளின் வாடை நேராக உள்ளே வருகிறது என்று மன்னி அதற்குக் குறுக்குக் கட்டை போட்டு வைத்திருக்கிறாள். கட்டையை எடுத்த பிறகும் கதவு கொஞ்சம் முரண்டு பிடித்தது. பிறகு வாடை வந்தது. ஈர வலை, உப்பு, மணலில் காயப்போட்ட மீன்.

கீழேயிருந்து மன்னியின் குரல் கேட்டது. "யாரு அந்த ஜன்னலைத் திறந்தது? ஸ்வாமிக்கு இப்பத்தான் விளக்கேத்தினேன். ஆத்துல மீன் நாத்தம் வந்துண்டிருக்கு."

"நான்தான் மன்னி. கொஞ்ச நேரம்."

"கொஞ்ச நேரம் வந்தா அது நாத்தம் இல்லையா?"

தர்க்கப்படி அவள் சொன்னது சரி. ஜன்னலைச் சாத்திவிட்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இறந்துபோனவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டியிருக்கிறது. பத்தொன்பதாவது வயதிலிருந்து உன்னை எதிரில் வைத்துக்கொண்டு யோசித்தே எனக்குப் பழக்கம். அதனால்தான் இது.

வரும் வியாழக்கிழமை எங்கள் கல்லூரியின் நிர்வாகக் கமிட்டி கூடுகிறது. தத்துவ வகுப்பை இனி வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா என்பதை அன்று முடிவு செய்வார்கள். இந்த வருஷம் சேர்ந்தவர்கள் நான்கு பேர். அந்த இடத்தில் குடும்ப நிர்வாகம், சமையல், சிசு பராமரிப்பு என்று ஒரு புதுப் பாடம் வைத்தால் வகுப்பு நிரம்பும் என்கிறார்கள். நிரம்பத்தான் செய்யும். வகுப்பு போனாலும் என்னை அனுப்பிவிட மாட்டார்கள். விடுதி மேற்பார்வையைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இருபது வருஷம் நீதி நூலும் தர்க்கமும் சொல்லிக்கொடுத்துவிட்டு, இனி அரிசி பருப்பு அளந்து கொடுக்க வேண்டும். அதைவிட ராஜினாமா செய்துவிடுவேன் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கமிட்டியின் காரியதரிசி நல்ல மனிதர். என் பக்கத்தைக் கேட்காமல் முடிவு செய்ய அவருக்கு மனமில்லை. "தத்துவம் படிப்பதால் பெண்களுக்கு அன்றாட வாழ்க்கையில் என்ன பிரயோஜனம்? இரண்டு பக்கத்துக்குள் எழுதிக் கொடுங்கள்" என்றார். ஒரு வாரமாக எழுதி எழுதிப் பார்க்கிறேன். முதல் தாளில் உபநிஷத்துக் காலம் முதல் நம் முன்னோர் இருந்தார்கள். இரண்டாவதில் மேல்நாட்டார். மூன்றாவதில் நாகரிகத்தின் அஸ்திவாரம் என்று ஒரு வாக்கியம் இருந்தது. உனக்குக் காட்டியிருந்தால், "யாருக்குடீ இது? ஏதாவது சிலைக்கா?" என்று கேட்டிருப்பாய்.

நாம் இருவரும் முதல் வருஷத் தத்துவ வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஆசிரியர் மஞ்சளாகிப்போன தாள்களிலிருந்து படித்துக்கொண்டே போவார். நாம் எழுதிக்கொண்டே போவோம். நீ சாந்தோமிலிருந்து நடந்து வருவாய். உன் அப்பா அங்கே ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் கணக்கு வாத்தியார். நான் மயிலாப்பூரிலிருந்து ஜட்கா வண்டியில் வருவேன். எனக்குப் பத்து வயதில் கல்யாணம் நடந்து, பன்னிரண்டில் எல்லாம் முடிந்துபோயிருந்தது. வீட்டில் சும்மா இருந்தால் அழுதுகொண்டிருப்பேன் என்று அப்பா படிக்க அனுப்பினார். நான் அழுததாக எனக்கு நினைவில்லை. அந்தப் பையனின் முகமே எனக்குச் சரியாகத் தெரியாது.

ஒரு நாள் நீ பெஞ்சுக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டைத் தள்ளினாய். அதில் இரண்டு வரி இருந்தது. "'இப்படித்தான் நடக்கிறது' என்பது ஒன்று. 'இப்படித்தான் நடக்க வேண்டும்' என்பது வேறொன்று. நடுவில் யார் பாலம் போட்டது?" அது ஆசிரியர் படித்துக்கொண்டிருந்த பாடத்தைப் பற்றி நீ எழுதியது. என்னைப் பற்றி அல்ல. ஆனால் எனக்கு அன்று பாடம் காதில் விழவில்லை. பன்னிரண்டாவது வயது முதல் என்னைச் சுற்றிப் பேசப்பட்ட ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, இது முதல் வகையா, இரண்டாவது வகையா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அநேகமாக எல்லாம் முதல் வகை. இரண்டாவது வகையின் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றவை.

பின்னாளில் பெண்ணின் கல்யாண வயதை உயர்த்தும் சட்டம் வந்தபோது எங்கள் தெருவில் ஒரு மாதம் வேறு பேச்சே இல்லை. சாஸ்திரம் போயிற்று என்றார்கள். நான் வாசல் பக்கம் போகாமல் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் யார் யாரோ. ஆனால் அதற்கு முன்பு, எங்கோ சில வீடுகளில், சில பேர் அந்தப் பாலத்தைத் தட்டிப் பார்த்திருக்க வேண்டும். சரித்திரப் புத்தகத்தில் யுத்தமும் சட்டமும்தான் இருக்கும். தட்டிப் பார்த்தவர்கள் இருக்க மாட்டார்கள்.

படிப்பு முடிந்ததும் நான் அதே கல்லூரியில் உதவி ஆசிரியை ஆனேன். நீயும் வருவாய் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். என்னைவிட நல்ல மதிப்பெண் உனக்கு. நீ போய் ஹெல்த் விசிட்டர் பயிற்சியில் சேர்ந்தாய். நகரசபை கடற்கரைக் குப்பங்களுக்கு உன்னை அனுப்பியது. தோளில் ஒரு துணிப்பை, கையில் ஒரு கொக்கித் தராசு. குழந்தைகளை நிறுத்து ஒரு நோட்டில் எழுதுவது உன் வேலை. "இவ்வளவு படித்துவிட்டு இதுவா?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "நீ நீதி நூல் சொல்லிக்கொடுக்கறே. நீதியை எங்கயாவது நேர்ல பாத்திருக்கியா? லீவுல ஒரு வாரம் என்னோட வா" என்றாய். அதில் கேலி இருந்தது. வந்தேன்.

குப்பத்தில் நான் முதலில் பார்த்தது நீ தோற்றுப்போனதைத்தான். அஞ்சலை என்று ஒருத்தி. இருபது வயது இருக்கும். அவள் புருஷன் நான்கு மாதத்துக்கு முன் கட்டுமரத்தில் போனவன் திரும்பவில்லை. அதற்குப் பிறகு பிறந்த கைக்குழந்தை இடுப்பில். அந்தப் பக்கத்துப் பெண்கள் யாரும் குழந்தையைத் தராசில் வைக்க விட்டதில்லை.

"தராசுல வெச்சா புள்ள எளைச்சிப் பூடும்னு சொல்றாங்கோம்மா" என்றாள்.

"உன் நாத்தனா தினம் கருவாட்டைத் தராசுல வெக்கிறாளே. அது எளைச்சா போச்சு?"

"கருவாடு ஏற்கெனவே எளைச்சதுதானேம்மா. இன்னும் இன்னா எளைக்கப் போவுது?"

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். நீ மணலில் உட்கார்ந்துவிட்டாய். உனக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அஞ்சலை உன்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, தோத்துட்டே. பாவமா கீது. வெச்சிக்கோ" என்று குழந்தையைத் தராசுத் தொட்டிலில் இட்டாள். அன்று மட்டும் ஆறு குழந்தைகளை நிறுத்தாய். அரை வருஷமாக நடக்காதது ஒரு தோல்வியால் நடந்தது.

அஞ்சலையின் குழந்தைக்கு எடை ஏறவில்லை. அவளுக்குப் பால் போதவில்லை. நீ நோட்டில் குறித்துக்கொண்டாய். நானும் என் மனதில் குறித்துக்கொண்டேன். அதுதான் பின்னால் வந்த தவறுக்குக் காரணம்.

மூன்றாம் நாள் காலை கரைவலை இழுத்தார்கள். நல்ல பாடு, வலை நிறைய மீன். மீனை மணலில் கொட்டிக் கூறு போட்டார்கள். இழுத்தவர்கள் பதின்மூன்று பேர். பதினான்காவது கூறு அஞ்சலைக்கு. கடலில் போனவனுடைய பங்கு ஒரு வருஷத்துக்கு அவன் வீட்டுக்குப் போகும் என்பது அந்தக் குப்பத்து ஏற்பாடு. கூறு போட்ட பெரியவரை எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் ஒவ்வொரு குவியலையும் சுற்றி வந்து, இதிலிருந்து ஒன்றை எடுத்து அதில் போடுவார், தள்ளி நின்று பார்ப்பார், மறுபடி மாற்றுவார். எந்தக் குவியல் யாருக்கு என்று அவருக்கே தெரியாது. அதனால்தான் அவ்வளவு சிரத்தை என்று நீ என் காதில் சொன்னாய்.

யாருக்கு எது என்று முடிவு செய்யும் முறை இது. ஒவ்வொருவரும் ஒரு குறி கொடுப்பார்கள். ஒருவர் கிளிஞ்சல், ஒருவர் வலைத்தக்கை, ஒருவர் அணைந்த சுருட்டு. எல்லாவற்றையும் ஓர் ஓலைப்பெட்டியில் போட்டு, யாருடைய குறி எது என்று தெரியாத ஒருவரிடம் கொடுப்பார்கள். அவர் வரிசையாக நடந்து குவியலுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு போவார். உன் குறி எந்தக் குவியலில் இருக்கிறதோ அது உன்னுடையது. முறையீடு கிடையாது.

"இன்னிக்கி இந்த ஐயரூட்டம்மா வெக்கட்டும்" என்றார் நைனா. "யாரு குறி இன்னான்னு அதுக்குத் தெரியாது. மீனும் தெரியாது."

"கண்ணு தொறந்துகினு இருந்தாலும் குருடுதான்னு சொல்லு" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் எனக்கு ஒரு குறி தெரியும். அன்று விடியற்காலை அஞ்சலையின் குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தபோது, அவள் தன் புடவைக் கரையிலிருந்து ஒரு நீல நூலை உருவி ஒரு கிளிஞ்சலில் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. பெட்டி என் கைக்கு வந்த பிறகுதான் புரிந்தது. அப்போதே பெட்டியைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

ஐந்து குவியல்களுக்குப் பார்க்காமலே வைத்தேன். ஆறாவதில் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன மீன்கள் கிடந்தன. பார்க்க நன்றாக இல்லை. கையில் எடுத்த கிளிஞ்சலில் நீல நூல் சுற்றியிருந்தது. அதை உள்ளே நழுவவிட்டு வேறொன்றை எடுத்து வைத்தேன். ஒன்பதாவது குவியலில் முழங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளி மீன் பளபளத்துக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் கையைவிட்டுத் தேடினேன்.

"இன்னாம்மா, தேடிக்கினே கீறே? உள்ள முத்தா போட்டு வெச்சிருக்கோம்?" என்று யாரோ கேட்டார்கள். மறுபடி சிரிப்பு. நீல நூல் சுற்றிய கிளிஞ்சலை அந்தப் பெரிய மீனின் பக்கத்தில் வைத்தேன். என் வாழ்நாளில் செய்த நல்ல காரியங்களில் ஒன்று என்று அந்த நிமிஷம் நினைத்தேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். உனக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

எல்லோரும் அவரவர் கூறுக்குப் போனார்கள். அஞ்சலை ஒன்பதாவது குவியலின் முன் நின்றாள். குனியவில்லை.

"நைனா, இது என் கூறு இல்ல."

"உன் குறிதானே கீது?"

"கீது. ஆனா ஆறாவதுக்கு வந்திச்சி. அம்மா கையில எடுத்தாங்கோ, நூலு தெரிஞ்சிச்சி. திரும்ப உள்ள போட்டுட்டாங்கோ."

நைனா என்னிடம் திரும்பினார். "அப்பிடியாம்மா?"

"கைக்குழந்தைக்காரி. பெரிசா கிடைக்கட்டுமேன்னு நினைச்சேன்" என்றேன்.

யாரும் கோபப்படவில்லை. "மீனு தெரியாதுன்னாங்கோ. பெரிசு சின்னது தெரியுதே" என்று ஒருவன் சொன்னான், அவ்வளவுதான். நைனா கையை வீசி, "கலைச்சிடுங்கடா" என்றார். பதினான்கு குவியல்களையும் ஒன்றாக்கி முதலிலிருந்து கூறு போட்டார்கள். வெயில் ஏறியது. கூடையோடு மார்க்கெட்டுக்குப் போகக் காத்திருந்த பெண்கள் என் பக்கம் பார்க்காமல் கடலைப் பார்த்து என்னைத் திட்டினார்கள். ரஸ்தாவில் வளையல் விற்றுக்கொண்டு போன ஒரு சாயபுவைக் கூப்பிட்டுக் குறி வைக்கச் சொன்னார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து வைத்தார். அந்தச் சாம்பல் நிற மீன்கள் இந்தத் தடவை முனியன் என்பவனுக்குப் போயின. அஞ்சலைக்குக் காரப்பொடி என்கிற பொடி மீன். அவள் கூடையில் அள்ளிக்கொண்டு போனாள்.

சாந்தோம் வரை மணலில் நடந்தோம். பிறகு, "ஆறாவது கூறுல இருந்தது பால்சுறா" என்றாய். "பிள்ளை பெத்தவளுக்குப் பால் ஊற அதைத்தான் புட்டு பண்ணித் தருவாங்க. அவளுக்கு வேண்டியது அது. தானா வந்தது."

"மீன் தெரிஞ்சிருந்தா அதையே வெச்சிருப்பேனே" என்றேன்.

"தெரிஞ்சு சரியா வெச்சிருந்தாலும் தப்புதாண்டீ. மீன் தெரியாதது உன் தப்பில்ல."

நான் அதை ஒத்துக்கொள்ள ஒரு வாரம் ஆயிற்று. நல்ல விளைவு, கெட்ட விளைவு என்று எனக்குத் தெரிந்த வாதங்களையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அதிருஷ்டம் அவளுக்குப் பால்சுறாவைக் கொடுத்ததால் முறை சரியாகிவிடாது, மறுபடி குறி வைத்தபோது காரப்பொடிதானே வந்தது என்றேன். "அதையேதான் நானும் சொல்றேன். முறை அவளுக்கு நல்லது பண்ணும்னு யாரும் சொல்லல. அவளை ஏமாத்தாதுன்னு மட்டுந்தான் சொல்றாங்க" என்றாய். அன்று மாலையே முனியன் பெண்சாதி நான்கு சுறாவை முறத்தில் வைத்து அஞ்சலை குடிசைக்குக் கொண்டுபோனாளாம். நீ அதைச் சொல்லிவிட்டு ஒரு வாக்கியம் சேர்த்தாய். "இரக்கம் கூறு பிரிச்சதுக்கு அப்புறம் வரணும். பிரிக்கற கையில வரக் கூடாது."

அந்தத் தவறுக்கு விலை கொடுத்தவள் நீ. அதற்குப் பின் இரண்டு வாரம் உன் தராசுக்கு ஒரு குழந்தையும் வரவில்லை. உன்னோடு வந்தவள் குறியை மாற்றினாள். உன் கை எப்படியோ என்று நினைத்திருப்பார்கள். நான் குப்பத்துக்குத் திரும்பிப் போய் நைனாவிடம், செய்தது தப்பு என்றேன். அவர் வலையிலிருந்து தலை நிமிரவில்லை. "தெரிஞ்சா சரிம்மா. ஆனா இனிமே நீ குறி வெக்காதே. உனுக்கு ஆளு தெரிஞ்சி பூடிச்சி" என்றார். அஞ்சலையிடம் ஏன் வேண்டாம் என்றாய் என்று கேட்டேன். அவள், இது தெரியாதா என்பதுபோல் பார்த்தாள். "எனுக்காக மாத்தின கை நாளிக்கி இன்னொருத்திக்காக மாத்தாதா? அப்போ நான் யாருகிட்டப் போயி கேக்கறது?" அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பசியோடு இருந்தாள். பெரிய மீன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அந்த நிலையில் நாளையையும், முன்பின் தெரியாத இன்னொருத்தியையும் சேர்த்து நினைத்துப் பார்த்திருக்கிறாள். நான் வகுப்பில் மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும் விஷயம் அது.

அன்று முதல் நீதி பற்றிய பாடத்தை அந்தக் குவியல்களிலிருந்துதான் தொடங்குகிறேன். பெண்கள் விரும்பிக் கேட்பார்கள். குறி வைத்தவளை "ஒரு ஸ்திரீ" என்று சொல்வேன். பதினைந்து வருஷமாக அந்த ஸ்திரீ யார் என்று ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை.

போன வாரம் அதே பாடம். நான்கு பெண்களில் ஒருத்தி செங்கற்பட்டுப் பக்கத்திலிருந்து வந்தவள், விடுதியில் இருக்கிறாள். நான் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொள்ளும் சுபாவம். அவள் எழுந்து, "மிஸ், ஒரு சந்தேகம்" என்றாள். "கூறு கொடுக்கும்போது ஆள் யாருன்னு தெரியக் கூடாதுன்னு சொன்னீங்க. நம்ம ஹாஸ்டல்ல இலை போடும்போது மட்டும் ஆள் யாருன்னு முதல்ல தெரிஞ்சாகணும்னு இருக்கே. அது ஏன் மிஸ்?"

விடுதியில் இரண்டு சாப்பாட்டுக் கூடங்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு ஆசாரக் கூடம் என்று பெயர். மற்றதற்குப் பெயர் இல்லை. நாம் படித்த காலத்திலும் அப்படித்தான்; மத்தியானச் சாப்பாடு நமக்கும் அங்கேதான்.

"அது வழக்கம்மா" என்றேன்.

அவள் உட்கார்ந்து அதையும் எழுதிக்கொண்டாள்.

அன்று வீட்டுக்கு டிராமில் வரும்போது நான் கணக்குப் பார்த்தது வேறொன்றை. நீயும் நானும் ஒரே பெஞ்சில் நான்கு வருஷம். அதற்குப் பிறகு பதினெட்டு வருஷ சிநேகம். ஒரு நாள்கூட ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. கல்லூரியில் மத்தியான மணி அடித்ததும் நான் ஒரு கதவுக்குள் போவேன், நீ இன்னொரு கதவுக்குள். வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து விவாதத்தைத் தொடர்வோம். குப்பத்தில் சுற்றிய அந்த ஒரு வாரமும் உன் பையில் இருந்த ரொட்டியை நீ தனியே போய்த் தின்றுவிட்டு வந்தாய், எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று. நீ அதைப் பற்றி ஒருமுறையும் பேசவில்லை. எல்லாவற்றையும் கேட்டவள் இதை மட்டும் கேட்காமல் விட்டாய். நானாகக் கேட்டுக்கொள்வேன் என்று காத்திருந்தாயோ, கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன் என்று தெரிந்து விட்டுவிட்டாயோ.

டைபாய்டு ஜுரத்தில் நீ போன அன்று உன் வீட்டுக்கு வந்தேன். உன் தங்கை வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னிடம் டம்ளரை நீட்டினாள். "வேண்டாம்மா, இப்பத்தான் குடிச்சேன்" என்றேன். காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது. கை தானாகப் பின்னால் போயிற்று. அவள் டம்ளரை அடுத்தவரிடம் கொண்டுபோனாள். நீ கூடத்தில் கிடந்தாய்.

ஒரு வீட்டின் தத்துவம் அந்த வீட்டுப் புத்தக அலமாரியில் இருப்பதில்லை. எங்கள் வீட்டில் அது மடிப்புடவை காயும் கொடியில் தொங்குகிறது. சமையலறை நிலைப்படியில் கிடக்கிறது. யாரோ, எப்போதோ, எந்தக் கேள்விக்கோ சொன்ன பதில். கேள்வி மறந்துபோயிற்று, பதிலை மட்டும் தினம் துவைத்து உலர்த்திக்கொண்டிருக்கிறோம். காரியதரிசி கேட்ட பிரயோஜனம் இதுதான் என்று நினைக்கிறேன். மறந்துபோன கேள்வியைத் தேடி எடுப்பது. எடுத்த பிறகு சிலசமயம் பதில் சரியாகவே இருக்கும். பார்க்காமல் தெரியாது.

நேற்று அண்ணா மேலே வந்தார். கமிட்டியில் முக்கியமான ஒருவர் மாம்பலத்தில் புது வீடு கட்டிக்கொண்டு போயிருக்கிறார். அண்ணாவோடு கோர்ட்டில் பழக்கம்.

"ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்" என்றார். "நாலு பேர்னா நாலு பேர், வகுப்பு இருந்துட்டுப் போகட்டும்னு அவர் ஒரு வார்த்தை சொன்னாப் போறும்."

"வேண்டாம் அண்ணா."

"ஏன்? உனக்காக நான் யாரையும் போய்ப் பார்க்கப்படாதா?"

"ஆறு பேருக்குக் குறைஞ்சா பாடம் கிடையாதுன்னு விதி போட்டபோது நானும் கை தூக்கினேன். அப்போ குறைஞ்சது சங்கீத வகுப்பு."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லேன்னு நினைச்சுண்டுதான் கை தூக்கினேன்."

"இதுவும் தத்துவமா?" என்று கேட்டுவிட்டு அண்ணா இறங்கிப் போனார். அவருக்கு வருத்தம்தான்.

சங்கீதம் சொல்லிக்கொடுத்த அந்த அம்மாள் இப்போது அடையாறு பக்கம் வீடு வீடாகப் போய்ப் பாட்டுச் சொல்லித் தருகிறாள். அன்று அவளும் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தாள். நான் அதை முழுக்கப் படிக்கவில்லை.

வகுப்பு போனால் எனக்கு நஷ்டம். அதை மறைக்க விரும்பவில்லை. வருஷத்துக்கு இரண்டு பேரோ மூன்று பேரோ அந்தத் துண்டுச் சீட்டுக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொண்டு போனார்கள். அது நின்றுபோகும். வியாழக்கிழமை கமிட்டியில் அதைச் சொல்வேன். நான்கு பேர் என்பது குறைவு, ஆனால் வீண் அல்ல என்று சொல்வேன். விதியைத் தளர்த்தச் சொல்லிக் கேட்க மாட்டேன். நாகரிகத்தின் அஸ்திவாரத்தைப் பற்றிய தாள்களைக் கொடுக்க மாட்டேன். குப்பத்தில் நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிவிட்டேன். "ஒரு ஸ்திரீ" என்று எழுதிய இடத்தை அடித்து "நான்" என்று திருத்தினேன்.

ராஜினாமாவும் இல்லை. விடுதியை ஏற்றுக்கொள்ளப் போகிறேன்.

விடுதியின் விதிப் புத்தகத்தை வாங்கி நேற்று முழுக்கப் படித்தேன். விளக்கு அணைக்கும் நேரம், விருந்தாளிகள் வரும் கிழமை, துணி வெளுக்கப் போடும் முறை எல்லாம் இருக்கிறது. இரண்டு சாப்பாட்டுக் கூடம் என்று எங்கும் எழுதவில்லை. யாரும் எழுதாததை எடுப்பதற்கு யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. பழைய மேஜைகளை ஒரு கூடத்தில் அடுக்கச் சொல்லிவிட்டு, மற்றதில் எல்லோருக்கும் இலை போடச் சொல்வேன். வர மாட்டேன் என்கிற பெண்களை இழுத்து வர மாட்டேன். அவர்கள் தங்கள் அறையில் சாப்பிடலாம். தந்திகள் வரும், தகப்பனார்கள் வருவார்கள். ஒன்றிரண்டு பெண்களை அழைத்துக்கொண்டும் போவார்கள். அவர்களிடம் பேச வேண்டியதை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் நாள் அந்த வரிசையின் நடுவில் எனக்கும் ஓர் இலை போடச் சொல்லி, பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் அவர்களோடு சாப்பிடுவேன். அன்று சாயங்காலமே செய்தி மயிலாப்பூருக்கு வந்துவிடும். அதன்பின் மன்னி என்னைச் சமையலறைப் பக்கம் விடமாட்டாள். அவள் மேல் குற்றம் இல்லை. விடுதியில் மேற்பார்வையாளருக்கு என்று மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை இருக்கிறது. சிறியது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். என் புத்தகங்களில் பாதி கொள்ளும். எந்தப் பாதி என்று பிரித்து வைத்துவிட்டேன். அண்ணாவுக்கும் மன்னிக்கும் இன்னும் சொல்லவில்லை.